மூளைக் கட்டிச் செல்களுக்கு எலிக் கட்டி ஜெல் போதுமா?

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியின் செல்கள் ரத்தக் குழாயை ஒட்டி நகர்வதை ஆய்வகத்தில் பார்க்க வேண்டுமா, எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் பேஸ்மென்ட் மெம்பரேன் ஜெல்லை (செல்களை வளர்க்கப் படுக்கையாகப் பயன்படும் புரத ஜெல்) வாங்குங்கள். மூளைத் திசுவுக்குள் அவை ஊடுருவுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

காரணம் ஜெல்லின் சேர்மானத்திலேயே இருக்கிறது. எலியின் சார்கோமா கட்டியிலிருந்து எடுப்பதால் இதில் சுமார் 60% லாமினின், 30% கொலாஜன் IV என்ற புரதங்கள். மூளையில் இந்த இரண்டும் பெரும்பாலும் ரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் ஹையலுரோனிக் அமிலம், டெனாசின், பிரெவிகன் என்று வேறு ஒரு வலை, அங்கே நார்க் கொலாஜன் மிகக் குறைவு. கட்டிச் செல்கள் ரத்தக் குழாய்களையும் வெள்ளைத் திசு நார்களையும் பிடித்துக்கொண்டு பரவுவதை 1938-லேயே நரம்பு நோயியல் ஆய்வாளர் ஷெரர் விவரித்துவிட்டார். அதில் முதல் பாதைக்குத்தான் இந்த ஜெல் பொருந்துகிறது. அந்த வேலையை உண்மையிலேயே நன்றாகச் செய்கிறது: செல் பரப்பில் உள்ள இன்டக்ரின்கள் என்ற ஏற்பிகள் லாமினினைப் பற்றிக்கொள்ள, செல்கள் நீண்டு கால் நீட்டி நகர்வது அழகாகத் தெரியும்.

வளர்ச்சியை அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஜெல்லின் சாதாரண வகையில் இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் (செல்லைப் பெருகத் தூண்டும் புரதங்கள்) கலந்தே வருகின்றன, கிளியோபிளாஸ்டோமாவில் பலவற்றில் இஜிஎஃப் ஏற்பி ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது, அப்புறம் செல் பெருகியது லாமினினாலா அல்லது கூட வந்த காரணியாலா என்று எப்படிச் சொல்வது? வளர்ச்சிக் காரணி குறைத்த வகையையே வாங்குங்கள். அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

கெட்டித்தன்மையும் முக்கியம். ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதம் பூசிய பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கை ஜெல்லில் 2009-ல் வந்த ஆய்வு ஒன்று, கெட்டியான பரப்பில் கிளியோமா (கிளியோபிளாஸ்டோமா அடங்கும் கட்டி வகை) செல்கள் விரிந்து வேகமாக நகர்ந்து அதிகம் பெருகுவதையும், மென்மையான பரப்பில் உருண்டு சுணங்குவதையும், செல்லைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதத்தைத் தடுத்தால் அந்த வித்தியாசம் பெரிதும் மறைவதையும் காட்டியது. ஆனால் நம் பேஸ்மென்ட் மெம்பரேன் ஜெல்லில் கெட்டித்தன்மையைத் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது, அடர்த்தியை மாற்றினால் புரத அளவும் சேர்ந்தே மாறிவிடும். எனக்கு இதுதான் பெரிய குறை. ஹையலுரோனிக் அமில ஹைட்ரோஜெல்லில் இரண்டையும் பிரித்து மாற்றலாம், கட்டிச் செல்களின் சிடி44 ஏற்பிக்குப் பிடிமானமும் கிடைக்கும், ஊடுருவல் கேள்விக்கு என் தேர்வு அதுதான்.

கையாள்வது சிரமம். இரவு முழுக்க 4 டிகிரியில் உருக வைத்து, பிப்பெட் டிப் முதல் தட்டு வரை எல்லாவற்றையும் குளிர வைத்து, ஐஸ் மேலேயே வேலை செய்ய வேண்டும், 10 டிகிரியைத் தாண்டினாலே ஜெல்லாக இறுக ஆரம்பிக்கும். லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும் என்பதால் ஓர் ஆய்வு முழுவதற்கும் தேவையானதை ஒரே லாட்டில் வாங்கி, சின்னச் சின்னதாகப் பிரித்து உறையவைத்துவிடுங்கள்.