ஸ்ட்ரோக்கை நீட்டுவதா, சிலிண்டரை அகலமாக்குவதா?

எஞ்சினின் கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழிகள்: ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலிருந்து கீழாகப் போகும் தூரத்தை நீட்டலாம்; அல்லது சிலிண்டரை அகலமாக்கலாம். ராயல் என்ஃபீல்டின் யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் அமைந்த) எஞ்சின் கொண்ட கிளாசிக் 350, கிளாசிக் 500 இரண்டிலும் ஸ்ட்ரோக் 90 மி.மீ. தான். சிலிண்டரின் விட்டம் மட்டும் 70இலிருந்து 84 மி.மீ. ஆனதில் கொள்ளளவு 346 சிசியிலிருந்து (கன செ.மீ.) 499 சிசி ஆயிற்று. வண்டியின் இழுவைக்குக் காரணமான உச்ச முறுக்குவிசையும், அதே 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுழற்சி), 28இலிருந்து 41.3 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது. நீண்ட ஸ்ட்ரோக் இருந்தால்தான் இழுவை என்று புல்லட் பிரியர்கள் சொல்வதுண்டு. ஸ்ட்ரோக் இம்மியும் மாறாமலே இங்கு இழுவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருக்கிறது. ஸ்ட்ரோக் நீண்டால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் ஆரமும் நீண்டு நெம்புவிசை கூடும் என்பது உண்மைதான்; ஆனால் அதே சிசிக்குள் பிஸ்டனின் பரப்பு சுருங்கிவிடுவதால், கூடியது கழிந்துபோகிறது. இழுவையைத் தருவது பெரும்பாலும் சிசிதான்.

அதே 499 சிசியை, 70 மி.மீ. விட்டத்தை மாற்றாமல் எட்ட வேண்டுமானால் ஸ்ட்ரோக் சுமார் 130 மி.மீ. ஆக வேண்டும். இரு வண்டிகளும் உச்சத் திறன் தரும் 5,250 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.75 மீட்டர், நீட்டிய எஞ்சினில் அது 22.7 மீட்டராகும். பழைய வேகத்துக்குள் அடக்க நினைத்தால் 3,650 ஆர்பிஎம்முக்கு மேல் முறுக்கக் கூடாது. போதாக்குறைக்கு, 70 மி.மீ. சிலிண்டருக்குமேல் பெரிய வால்வுகளுக்கு இடமில்லை. பழைய வால்வுகளே 44 சதவீதம் கூடுதல் காற்றை உள்ளே விட வேண்டும்.

இருந்தும் ஸ்ட்ரோக்கை நாடுவோர் ஏன் இருக்கிறார்கள் என்றால், சிலிண்டர் சுவரில் கடைவதற்கு உலோகம் மிச்சமில்லாதபோது வேறு வழியில்லை. ஷெவர்லே தனது சிறிய வி8 எஞ்சினை 400 கன அங்குலமாக்க விட்டத்தை 4.125 அங்குலத்துக்கு விரித்தபோது, அடுத்தடுத்த சிலிண்டர்களின் சுவர்கள் ஒட்டிப்போய், இடையில் தண்ணீர் ஓட வழியில்லாமல் போனது. பட்டறைக்காரர்கள் புகழ்பெற்ற 383 கன அங்குல எஞ்சினை உருவாக்கியது வேறு விதமாக: ஷெவர்லேயின் 350 கன அங்குல வி8இன் பிளாக்கை (சிலிண்டர்கள் அமைந்த உலோக உடலை) 4.030 அங்குலத்துக்குக் கடைந்து, 3.48 அங்குல ஸ்ட்ரோக்குக்குப் பதிலாக 400இன் 3.75 அங்குல கிராங்கைப் பொருத்தினார்கள். குளிரூட்டல் தப்பியது, வேலை வேறிடத்தில் முளைத்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பில் இடிக்காதபடி அங்கே உலோகத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும். பிளாக்கின் உயரம் மாறாததால், கூடிய ஸ்ட்ரோக்கில் பாதியை, ராடைப் பிஸ்டனோடு கோர்க்கும் பின்னை மேலேற்றியோ ராடைக் குட்டையாக்கியோ சமாளிக்க வேண்டும். ராட் குட்டையானால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் இன்னும் அழுத்தும். எரியறை பழைய அளவிலேயே இருந்தால் அழுத்த விகிதமும் ஏறிவிடும் என்பதால், பிஸ்டனின் தலையில் குழிவும் தேவைப்படலாம்.

தெருவில் ஓடும் காருக்கு இந்த உழைப்பு தகும் என்பேன். அதிக ஆர்பிஎம் வேண்டிய பந்தயத்துக்கு அப்படியல்ல: அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தின் ஐந்து லிட்டர் வரம்புக்காக 1967 கமாரோ இசட்/28இல் ஷெவர்லே வைத்த 302 கன அங்குல எஞ்சினில், 350இல் உள்ள அதே 4 அங்குல விட்டத்துக்கு ஸ்ட்ரோக் வெறும் 3 அங்குலம்.