திருச்சியிலிருந்து பறப்பவருக்கு ஏற்ற மைல் கார்டு

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் தஞ்சாவூர், கும்பகோணம் குடும்பங்களுக்கு, ஒரே விமான நிறுவனத்தோடு கட்டிப்போடும் கிரெடிட் கார்டைவிட, செலவுக்குக் கிடைக்கும் புள்ளிகளைப் பல நிறுவனங்களின் மைல்களாக, அதாவது விமானச் சீட்டு எடுக்க உதவும் புள்ளிகளாக, மாற்ற விடும் கார்டையே பரிந்துரைப்பேன். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் பெயரில் சேர்த்த புள்ளிகள் வேறொரு திட்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தோமே.

திருச்சியிலிருந்து நேரே பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம் என்பதால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேர்த்த மைல்களை அங்கும் செலவிடலாம். ஆயினும் மலிவுக் கட்டணச் சீட்டில் மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு சொற்பமே. சென்னை போய்ச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிசினஸ் வகுப்பு எடுப்பவருக்கே மைல்கள் பலன் தரும். அப்போதும் வரிகளைப் பணமாகக் கட்டியாக வேண்டும். மைல்கள் 3 ஆண்டுகளில் காலாவதியாவதாலும், மாற்றிய புள்ளிகள் திரும்பாது என்பதாலும், இருக்கை இருப்பதை உறுதிசெய்த பிறகே மாற்றுவது நல்லது.

பெரிய குறை நம் கடைத்தெருவில்தான். பாத்திரக்கடை முதல் காபிக்கடை வரை யுபிஐ கியூஆர் அட்டையே தொங்குகிறது. அதில் இணைவது ரூபே கிரெடிட் கார்டு மட்டும், மைல் கார்டுகளோ பெரும்பாலும் விசா, மாஸ்டர்கார்டு. பெட்ரோலுக்கும் வாடகைக்கும் பல கார்டுகளில் புள்ளி கிடையாது. ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்குச் செலவு இல்லாதவர் செலவில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பித் தரும் கேஷ்பேக் கார்டோடு நிற்கலாம்.