வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்ன சாமி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால் இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். அடுத்த அமாவாசைக்கு இன்னொரு அம்மா என்னைப் போல அந்த இடத்தில் போய் உட்காரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் பிரேயரில் விழுந்தாள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தலைக்கு வயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்து வலிப்பு என்றார்கள். காலையும் இரவும் மாத்திரை. வலிப்பே வராமல் ரெண்டு வருஷமாவது ஓட வேண்டும், அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்போம், நீங்களாக நிறுத்தாதீங்க என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். மாத்திரை கேட்டது. இருந்தாலும் எட்டு மாதம் கழித்து ஒருமுறை வந்ததும் வீடு ஆடிப்போனது. "பொம்பளப் புள்ள, நாளைக்கு யாரு கட்டுவாங்க" என்று மாமியார் அழுதார். அதே வாரம் பால் சொசைட்டி சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். வலிப்பு, சர்க்கரை, குழந்தையின்மை, செய்வினை எல்லாம் 48 நாளில் பூரண குணம் என்று போட்டிருந்தது.

போனேன். தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை, நூறு பேருக்கு மேல் கூட்டம். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் தூங்குகிற பையன். "என்ன பாப்பாவுக்கு?" என்று ஆரம்பித்து, கொண்டு வந்த முறுக்கைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே பேசினார். தன் பையனுக்கும் இதேதான், சாமி ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டார் என்றார். நானும் மனசு விட்டு எல்லாம் சொன்னேன். பள்ளியில் விழுந்தது, கொழுந்தனாரோடு பாகப்பிரிவினைச் சண்டை, வீட்டுக்காரர் லாரி ஓட்டுவது, மாமனார் இறந்தது வரை.

உள்ளே போனதும் சாமி கண்ணை மூடிக்கொண்டு, "வண்டி ஓட்டுறவன் வீடு. பங்காளி கை இருக்கு. வெள்ளை உடுப்புல நிக்கும்போது புள்ள விழுந்தா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எலுமிச்சம்பழத்தை அவள் தலையைச் சுற்றிக் கத்தியால் அறுத்தார். பழம் ரத்தமாகச் சிவந்தது. அங்கேயே விழுந்து கும்பிட்டேன். கழிப்புக்கு 3,500 ரூபாய்.

அடுத்த அமாவாசை வரை வலிப்பு வரவில்லை. சாமியின் சக்தி என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்த முப்பது நாளும் அவள் ரெண்டு வேளையும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மாத்திரை செய்த வேலைக்கு மாலை அவருக்குப் போனது.

ரெண்டாவது தடவை மண்டல பூஜைக்கு 21,000, வாசப்படிக்குக் கீழே புதைத்திருக்கிற தகட்டை எடுக்க 45,000, அதில் முன்பணம் 15,000 என்றார். தோட்டை அடகு வைத்தேன். "டாக்டர் மாத்திரையும் என் வேகமும் சேராது, இன்னையிலிருந்து நிறுத்து. யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா பலிக்காது" என்றார். பிள்ளையை 48 நாள் அங்கேயே விட்டுவிட்டுப் போகவும் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஒரு பையனைக் காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கயிறு உரசின இடம் புண்ணாகி ஈ மொய்த்துக் கிடந்தது. போனில் சொன்னதும் வீட்டுக்காரர், "ஏர்வாடி மறந்துபோச்சா?" என்று கத்தினார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அதனால் மகளைக் கூட்டி வந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தியதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆறாம் நாள் விடிகாலை அவள் பல் கடிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். எப்போதும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்தில் நிற்கும். அன்றைக்கு நிற்கவே இல்லை. உதடு நீலமாகிவிட்டது. மாமியார் கையில் சாவியைத் திணித்தார். நான் சாமி கொடுத்த விபூதியை நெற்றியில் அப்பினேன். 108 வந்து ஊசி போட்ட பிறகுதான் உடம்பு அடங்கியது. நாலு நாள் ஐசியூ. "மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு அடுக்கடுக்கா வரும்மா, உயிரே போகும்" என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவி விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். வலிப்பு பெரும்பாலும் தானாகவே ஓரிரு நிமிஷத்தில் நின்றுவிடும், அந்த நேரம் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும்.

அடுத்த அமாவாசைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க நானும் வீட்டுக்காரரும் போனோம். அதே அம்மா, அதே முறுக்குப் பொட்டலம், மடியில் வேறொரு பையன். ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த சின்னஞ்சிறு ஜோடியிடம் "என்ன பிள்ளைக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எலுமிச்சை ரகசியத்தை மகளின் அறிவியல் டீச்சர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்து காட்டினார். கத்தியில் செம்பருத்திப் பூவை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு அறுத்தால், புளிப்பு பட்டதும் சிவக்கிறது. மகள் நாலு பழம் அறுத்துப் பார்த்தாள்.

பணம் வரவில்லை. நோட்டீஸை வைத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மந்திரம், தாயத்தால் வலிப்பும் சர்க்கரையும் குணமாகும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அந்த மாதிரி நோட்டீஸ் கிடைத்தால் கிழிக்காமல் எடுத்து வையுங்கள்.

நான் சாமி கும்பிடாதவள் இல்லை. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணியில் விளக்குப் போடுகிறேன். திருவண்ணாமலைக்குப் போனால் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்காராமல் வரமாட்டேன். அவருக்குக் கையில் புற்றுக்கட்டி வந்தபோது, 1949இல் நாலு தடவை டாக்டர்கள் அறுவை செய்தார்கள். டாக்டர் வேண்டாம் என்று யாருக்கும் அவர் உபதேசம் செய்யவில்லை, தன் கையையே நீட்டினார். எங்கள் ஊரிலேயே வேப்பிலை அடித்து மந்திரிக்கிற தாத்தா இருக்கிறார். வெற்றிலை பாக்குக்கு மேல் வாங்கமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவரிடம் கூட்டிப்போனேன். "பயந்ததுக்கு மந்திரிக்கிறேன்மா. வலிப்புக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது, மாத்திரைய விட்டுடாதே" என்றார். தனக்குத் தெரியாது என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நோட்டீஸ் சாமி வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருதடவைகூட வரவில்லை.

சித்த வைத்தியம் பார்க்க விரும்பினால் அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, படித்துப் பதிவு செய்த டாக்டர்கள் பார்க்கிறார்கள். போங்கள், ஏற்கெனவே என்ன மாத்திரை என்று சீட்டையும் காட்டுங்கள்.

அந்த இடத்தில் இன்னும் கூட்டம் நடக்கிறது. டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் முறுக்கு கொடுத்து யாராவது பேச்சுக் கொடுத்தால், ஊர்ப் பேரைக்கூடச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.