வன்னியில் வாகனம் ஓட்ட வரும் வெளிநாட்டவருக்கு: இன்டர்நஷனல் லைசென்ஸா, தற்காலிக அனுமதியா, சாரதியா?

லீவில் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்து இறங்கினால் முற்றத்தில் சித்தப்பாவின் கார் நிற்கும். கேட்க முன்னமே திறப்பைக் கையில் தந்துவிடுவார். ஆனால் லண்டன் லைசென்ஸோ ரொறன்ரோ லைசென்ஸோ மட்டும் வைத்துக்கொண்டு A9 நெடுஞ்சாலையில் ஏறினால், இங்குள்ள சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். தண்டம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது. திறப்பைத் தந்த சித்தப்பாவும் பதில் சொல்ல வேண்டி வரும். இதைவிடப் பெரிய வில்லங்கம் காப்புறுதி. செல்லுபடியான லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிடும். எதிரே வந்தவரின் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழும்.

முதல் வழி, புறப்படும் நாட்டிலேயே இன்டர்நஷனல் லைசென்ஸ் எடுப்பது. இலங்கைக்கு 1949ஆம் ஆண்டு ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பத்திரம்தான் வேண்டும்; அது ஒரு வருடம் செல்லும். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பத்திரமும் கொடுக்கிறார்கள், அதை மாறி வாங்கிவிடக் கூடாது. அங்கே பேபொயின்ட் கடையில் 5.50 பவுணுடன் வேலை முடிந்துவிடும். முடியாதது இந்தப் பக்கத்து வேலை: கொழும்பு 3இல் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்துக்குப் போய் அந்தப் பத்திரத்துக்கு அங்கீகாரம் பெற வேண்டும். பலர் இதை அறியாமல் நேரே வவுனியா பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பிறகு ஒரு முத்திரைக்காகக் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் திரும்பிப் போக வேண்டியதுதான். ஜெர்மனியும் சுவிற்சர்லாந்தும் 1949 உடன்படிக்கையில் சேராத நாடுகள். அங்கிருந்து வருபவர்கள் இந்த வழியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் தற்காலிக அனுமதிப்பத்திரம். முன்பு இதற்குக் கொழும்புக்கு அருகே வெரஹெரவில் உள்ள அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கருமபீடம் இருக்கிறது. கடவுச்சீட்டு, விசா, காலாவதியாகாத சொந்த நாட்டு லைசென்ஸ் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே நிற்கும் சொந்தக்காரரைக் கட்டிப்பிடிக்க முன்னம் இதை முடித்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மாதம் நிற்க வருபவருக்கு எங்கள் தெரிவு இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் உள்ளே வரும் இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு விசாவே இராது; அவர்கள் வெளிநாட்டு லைசென்ஸைக் காட்டி உள்ளூர் லைசென்ஸ் எடுப்பது பற்றித் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும்.

இரண்டு வழியிலும் ஒரு பொறி உண்டு. கார் லைசென்ஸ் காருக்கு மட்டுந்தான். இங்கே மோட்டார் சைக்கிளுக்கு A, ஆட்டோவுக்கு B1, காருக்கு B என்று வகுப்புகள் தனித்தனி. சொந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதி பெறாதவர், மச்சானின் ஸ்கூட்டியைச் சந்திக் கடைக்குக்கூட எடுக்கக் கூடாது. ஊரில் கூடுதலாக நடக்கும் தவறு இது.

மூன்றாவது வழி, சாரதியோடு வாடகை வாகனம். காசு கூடத்தான். ஆனாலும் கட்டுநாயக்கவிலிருந்து வன்னி வரையான முதல் ஓட்டத்துக்கு இதை விட்டால் வேறு யோசிக்கவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு மணிநேரம் விமானத்தில் இருந்து வந்த ஆள் இரவில் A9இல் வண்டி ஓட்டக் கூடாது. வாடகைக்குப் பதிந்த வாகனமா என்று காப்புறுதி அட்டையைப் பார்த்துக் கேளுங்கள். சொந்தப் பாவனைக்குக் காப்புறுதி செய்த வானை ஹயருக்கு விட்டால் அந்தக் காப்புறுதியும் நிற்காது. இரவிரவாக வந்த சாரதியை உடனே திருப்பி அனுப்பாமல், சாப்பாடு கொடுத்து நான்கைந்து மணிநேரம் படுக்க விடுங்கள்.

தானே ஓட்டத் துணிந்தவருக்குக் கை பழக நாளெடுக்கும். இங்குள்ள கார்களில் பெரும்பாலானவை ஜப்பானியத் தயாரிப்பு. சிக்னல் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். ஐரோப்பியக் கார் ஓட்டிப் பழகிய கை பரந்தன் சந்தியில் திரும்பும்போது வைப்பரைத்தான் தட்டும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு எந்தச் சைகையும் போயிராது. எதிரே வருபவர் லைட் அடித்தால் பிரிட்டனில் ‘நீ போ’ என்று அர்த்தம், இங்கே ‘நான் வாறன், நில்’. இதை மாறி விளங்கிக்கொண்டு வலப்பக்கம் திருப்பினால் நேரே மோதல்தான். கனடா, பிரான்ஸ் பக்கமிருந்து வருபவர்கள் ஒழுங்கையிலிருந்து வெறும் ரோட்டில் ஏறும் நேரம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்னால் வேறு வாகனம் இல்லாவிட்டால் கை தானாக வலப்பக்கம் பிடிக்கும்.

காருக்கு வேக எல்லை ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் ஓரங்கட்டும், ஆட்கள் ரோட்டைக் குறுக்கறுப்பார்கள். அங்கே 50கூட அதிகம். மாங்குளம் – முல்லைத்தீவு ரோட்டில் பொழுதுபட்டால் மாடுகள் தாரில் படுக்கும், பின்லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் வரும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். முகமாலைப் பக்கம் எங்கும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் தாரை விட்டுச் சில்லை இறக்கவே கூடாது.

விபத்து நடந்தால் பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அம்புலன்ஸ் இலவசம். காப்புறுதிக் கம்பனியின் இலக்கம் அட்டையிலேயே இருக்கும், அந்த இடத்தில் நின்றே எடுத்துச் சொல்லுங்கள். ஆளைக் காப்பாற்றும் தேவை இருந்தாலொழிய, அவர்கள் வந்து பார்க்கும்வரை வாகனத்தை அசைக்க வேண்டாம்.