பாழான பல தண்டு மேப்பிள்: தாழ வெட்டி வளர்ப்பதா, தண்டுகளை வைத்தே சீரமைப்பதா?

வருடக்கணக்கில் கவாத்தே பார்க்காத மேப்பிள் போன்சாயை (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்தை) மீட்க இரண்டு வழிகளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். தண்டுகளை எல்லாம் தாழ வெட்டிவிட்டு மேல்பாகத்தைப் புதிதாக வளர்ப்பது ஒன்று. தண்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு கிளைகளை மட்டும் திரும்பக் கட்டுவது இன்னொன்று. என்னிடம் இருப்பது ஒரே தூரில் ஐந்து தண்டுகள் எழும் ஜப்பானிய மேப்பிள். கபுடாச்சி என்பார்களே, அந்த அமைப்பு. நான் இரண்டாவது வழியில் போனேன், இன்றும் அந்தப் பக்கம்தான். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வழியானாலும் முதல் வருடம் கத்தரிக்கு வேலை இல்லை. வேர் தொட்டியை அடைத்து, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும் மரம் எந்த வெட்டுக்கும் ஒழுங்காகத் துளிர்க்காது. மொட்டு பருக்கும் சமயத்தில் மண்ணை மாற்றி, சுற்றிச் சுற்றி ஓடிய வேரைப் பிரித்துவிட்டு, உரம் கொடுத்துத் தழைய விடுங்கள். வேரிலும் தண்டிலும் ஒரே வருடத்தில் கடுமையாகக் கைவைக்காதீர்கள். தெரிந்த கதைதான், தாண்டிப் போகலாம்.

அந்த ஓய்வு வருடத்தில் பார்த்து வைக்க வேண்டியது ஒன்று உண்டு. தூரில் இருப்பது ஒரு மரமா, பல நாற்றுகளைச் சேர்த்துக் கட்டி ஒட்டிப்போனவையா? வசந்தத்தில் எல்லாத் தண்டும் ஒன்றாகத் துளிர்க்கிறதா, இலை வடிவம் ஒன்றா, இலையுதிர் காலத்தில் ஒரே நிறத்துக்கு மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு தண்டு முந்திக்கொண்டோ வேறு நிறத்திலோ வந்தால் அது தனி நாற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைத் தாழ வெட்டினால், பக்கத்துத் தண்டின் வேர் அதற்குக் கைகொடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதேபோல, வாங்கிய மரம் ஒட்டுச் செடி என்றால் ஒட்டுக்குக் கீழே வெட்டக் கூடாது. கீழிருந்து துளிர்ப்பது அடிக்கன்றின், அதாவது ஒட்டுக்கு வேராக இருக்கும் செடியின் இலைதான். நீங்கள் ஆசைப்பட்ட ரகம் போய்விடும்.

சரி, தாழ வெட்டுவதற்கு ஆதரவாகச் சொல்ல நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பாழான மேப்பிளில் பலமெல்லாம் உச்சிக்குப் போயிருக்கும். நுனியில் நீண்ட கணுவிடையோடு தடித்த குச்சிகள், உள்ளே வெளிச்சம் படாமல் செத்துப்போன சின்னக் கிளைகள், அடிமுதல் நுனிவரை ஒரே பருமனில் குழாய் மாதிரி நிற்கும் தண்டுகள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டியிருந்தால் அங்கே முட்டு முட்டாக வீங்கியும் இருக்கும். தாழ வெட்டினால் இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். வேண்டிய உயரத்தில் துளிர், வளைவுள்ள புதுத் தண்டு, மேலே போகப்போகச் சிறுத்து வரும் வடிவம் என எல்லாமே நம் விருப்பப்படி. தடித்த தண்டை உயரமாகவும் மெலிந்ததைத் தாழவும் வெட்டி, உயர வித்தியாசத்தைக்கூட அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

இவ்வளவு இருந்தும் நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் காயம்.

ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தில் பெரிய கிளையை எடுத்தால், பட்டை உரித்துக் காய்ந்த கட்டையாகவே விட்டு அழகு பார்க்கலாம். மேப்பிளில் அது பலிக்காது. வெட்டிய கட்டை ஈரம் பட்டுச் சீக்கிரம் உளுத்துப்போகும். ஆகவே காயம் மூடித்தான் ஆக வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. வெட்டின் விளிம்பில் அது புதுத் திசுவைத் திரட்டி, உதடு மாதிரி உருண்டு உள்நோக்கி நகர்ந்து வரும். அதற்குச் சாப்பாடு போடுவது காயத்துக்கு மேலே இருக்கும் இலைகள். மேலே தழை நிறைய இருந்தால் வேகமாக மூடும், இல்லையென்றால் அப்படியே நிற்கும்.

இதை வைத்துத் தண்டு வெட்டைப் பாருங்கள். காயத்தின் அகலம் தண்டின் முழு அகலம். அதற்கு மேலே இருப்பதோ பக்கவாட்டில் கிளம்பிய ஒற்றைத் துளிர். துளிர் இருக்கும் பக்கத்தில் விளிம்பு உருண்டு வரும்; எதிர்ப்பக்கத்தில் சாறோட்டம் நின்று பட்டை கொஞ்ச தூரம் கீழ்நோக்கிக் காய்ந்துவிடும். காயம் மூட வேண்டுமானால் அந்தத் துளிரைக் கிள்ளாமல் ஓட விட்டுப் பருக்க வைக்க வேண்டும். பருத்த பிறகு அதையும் வெட்ட வேண்டும், அங்கே அடுத்த காயம். ஒற்றைத் தண்டு மரத்தில் இந்தப் பாடு ஒரு தண்டோடு போகும், காயத்தைப் பின்பக்கம் திருப்பியும் வைத்துவிடலாம். ஐந்து தண்டு என்றால் ஐந்து காயம், எல்லாம் பார்வை விழும் உயரத்தில். இலை உதிர்ந்த பிறகு எதையும் மறைக்க முடியாது. மேப்பிளின் அழகே அந்த மொட்டைக் கோலத்தில்தான் என்பவர்களுக்கு (எனக்கும்) இது பெரிய இழப்பு. போதாததற்கு, ஐந்து துளிரையும் ஒரே சமயத்தில் ஓட விட்டால் வெளிச்சத்துக்கு ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நடுத்தண்டுதான் பெரும்பாலும் தோற்கும், அதன் காயம்தான் கடைசிவரை திறந்தே கிடக்கும்.

அப்புறம், தண்டு மேலே போகப்போகச் சிறுக்க வேண்டும் என்ற நியதியே ஒற்றைத் தண்டு மரத்தை வைத்துப் பேசுவது. தூரில் கண் ஒரு தண்டை மட்டும் பார்ப்பதில்லை. தடித்ததையும் மெலிந்ததையும், அவற்றின் இடைவெளியையும், எது எங்கே வெளிப்பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. பாதி உயரம் வரை கிளையே இல்லாத மெல்லிய தண்டு அங்கே குறையாகத் தெரியாது. அதைச் சரிசெய்ய ஐந்து பெரிய காயங்களை வாங்கிக்கொள்வது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

தண்டுகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலை பொறுமையைச் சோதிக்கும், மறைக்கவில்லை. முதலில் தண்டு எண்ணிக்கை. ஐந்தும் ஒரே பருமன் என்றால் ஒன்றிரண்டை எடுத்தே ஆக வேண்டும். தூரின் உட்பக்கமோ பின்பக்கமோ உள்ளதை எடுப்பது நல்லது. காயம் மற்ற தண்டுகளுக்கு நடுவே மறைந்துவிடும். வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்காதபடி சரிவாகச் செதுக்கி, காயப்பசை பூசிவிட வேண்டும்.

பிறகு உச்சியைத் தாழ்த்துவது. பழைய தண்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் பட்டையில் மெல்லிய கோடு போல வளையங்கள் தெரியும். அவை பழைய கணுக்கள், உறங்கும் மொட்டு இருப்பது அங்கேதான். வளையத்தை ஒட்டி வெட்டாமல் சற்று மேலே குச்சி விட்டு வெட்ட வேண்டும். மேப்பிள் அடுத்த கணு வரை காய்ந்துகொண்டு வரும். ஒட்டி வெட்டினால் அந்த மொட்டும் சேர்ந்து போய்விடும். மீந்த குச்சியைத் துளிர் பலப்பட்ட பிறகு செதுக்கிக்கொள்ளலாம். இலை முற்றிய பிறகு, கோடைத் தொடக்கத்தில் வெட்டுவதே எனக்குப் பிடித்தது. மொட்டு விரியப்போகும் நேரத்தில் வெட்டினால் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே வருடத்தில் எல்லாத் தண்டையும் தாழ்த்தாமல், ஓங்கி நிற்பதை முதலில் அடக்கினால் வெளிச்சம் உள்ளே இறங்கி மற்றவை தாமாகவே கீழே துளிர்க்கத் தொடங்கும்.

துளிரே வராத இடத்தில் ஒட்டு. அதே மரத்தின் இலையில்லாத நீண்ட குச்சி ஒன்றை, தண்டில் துளையிட்டு ஊசியில் நூல் கோப்பது போல உள்ளே செலுத்தி மறுபக்கம் எடுப்பார்கள். மொட்டு விரியும் முன்பே செய்துவிட வேண்டும். வெளியே வரும் பாகம் உள்ளே போகும் பாகத்தைவிடப் பருத்துவிட்டால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம், உள்ளே போகும் பக்கத்தை வெட்டிவிடலாம். ஒன்றிரண்டு வளர்பருவம் ஆகும். துளையின் தழும்பு, தண்டு வெட்டின் காயத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எடுக்க முடிவு செய்த தண்டை வீணாக்கவும் வேண்டாம். இலை முற்றியதும், தண்டின் பருமனைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் உள்ள வழுவழுப்பான படலத்தைச் சுரண்டி எடுத்து, ஈரமான ஸ்பாக்னம் பாசியை வைத்து பிளாஸ்டிக் தாளால் கட்டினால் விண்பதியம். இரண்டு மூன்று மாதத்தில் வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து வேர் வரும். அந்தத் தண்டு தனி மரமாகிவிடும்.

மேப்பிளில் இன்னொரு இனமான டிரைடென்ட் மேப்பிளுக்கு இதையெல்லாம் அப்படியே பொருத்த மாட்டேன். சிறிய டிரைடென்ட் மரங்களில் மட்டும்தான் கைவைத்திருக்கிறேன். அந்த அளவில் சொன்னால், அது பழைய கட்டையிலிருந்தும் தாராளமாகத் துளிர்க்கிறது, காயத்தையும் ஜப்பானிய மேப்பிளைவிட வேகமாக மூடுகிறது. தடித்த தண்டுள்ள டிரைடென்ட் தூர் என்றால் தாழ வெட்டுவதை நானே யோசிப்பேன். தண்டின் மேல்பாதி ஏற்கெனவே செத்துப்போன ஜப்பானிய மேப்பிளில் யோசிக்கவே ஒன்றும் இல்லை: உயிர் இருக்கும் கணு வரை வெட்டித்தான் ஆக வேண்டும்.