கடல்நீருக்கும் மடிக்கணினிக்கும் நடுவே: சீரியல் இணைப்பில் மின்பிரிப்பு, ஓர் ஒப்பீடு

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரின் வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில், ஒரு சிறு படகுத்துறையிலிருந்து நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கியைக் கொண்டு வல்லங்கள், விசைப்படகுகள் ஆகியவற்றின் எஞ்சின் ஒலியையும் பாறையிடுக்கில் வாழும் சிற்றிறால்கள் எழுப்பும் சொடுக்கொலியையும் பதிவு செய்து வருகிறேன். அதிர்வை மின்னழுத்தமாக்கும் 27 மி.மீ. பீசோ வில்லை, அதற்குப் பித்தளைக் கூடு, உலோக வலையுறை (ஷீல்டு) போர்த்திய 30 மீட்டர் கேபிள், கரையில் முன்பெருக்கி, மின்னழுத்தத்தை எண்களாக்கும் 24 பிட் ஏடிசி, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அங்கிருந்து யூஎஸ்பி சீரியல் மாற்றி வழியாக மடிக்கணினி, அமைப்பு இவ்வளவுதான். முதல் பதிவில் கடலைக் காட்டிலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமே ஓங்கிக் கேட்டது. கூட இருந்த பக்கத்து வீட்டுப் பையன் தன் செல்பேசிக்காக மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியவன், "அண்ணே, இரைச்சல் நின்னுருச்சே" என்றான். காரணத்தைத் தேட வேண்டிய இடத்தை அந்த ஒரு சொல் காட்டிவிட்டது.

இரண்டு முள் சார்ஜர்களில் மின்வழங்கல் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அது 1 நானோஃபாரட் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அதன் மறிப்பு ஏறத்தாழ 3.2 மெகாஓம், 230 வோல்ட்டுக்கு 72 மைக்ரோஆம்பியர் கசியும். அந்தக் கசிவு யூஎஸ்பியின் கிரவுண்டு வழியாக என் கருவிக்குள் நுழைந்து, கேபிளின் ஷீல்டில் ஓடி, பித்தளைக் கூட்டின் வழியாகக் கடலில் இறங்கிவிடுகிறது. கடலைவிடச் சிறந்த எர்த் எங்கே கிடைக்கும்? ஷீல்டின் மின்தடை 1 ஓம் என்றால் அதன் மேல் 72 மைக்ரோவோல்ட் எழும். கேட்க வந்த ஒலியின் மின்னழுத்தமே பல வேளைகளில் அந்த அளவுதான். இணைப்புக் கம்பிகளை எவ்வளவு தடிமனாக மாற்றினாலும் இந்த வளையம் இருக்கும்வரை ரீங்காரம் இருக்கும். தரவு மட்டும் கடந்து செல்ல, மின்னோட்டம் கடக்காத ஓர் இடைவெளி வேண்டும். அதுதான் மின்பிரிப்பு.

அடுத்த கேள்வி வேகம். நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளுடன் 10 பிட் எனக் கணக்கிட்டால் 2,40,000 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) தேவைப்படுகிறது. எனவே 4,60,800 பாட் வேகத்தில் இயக்குகிறேன். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2.2 மைக்ரோநொடி.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே ஓர் எல்இடியின் ஒளியால் தரவைக் கடத்தும் சில்லு) இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. 100 ஓம் சுமையிலேயே அதன் எழுநேரம், அதாவது வெளியீடு நிலை மாற எடுக்கும் நேரம், 4 மைக்ரோநொடி அளவில் இருக்கிறது. நாம் வழக்கமாகப் போடும் கிலோஓம் சுமையில் அது இன்னும் பன்மடங்கு நீளும். குளத்து நீரின் வெப்பநிலையை 9,600 பாட்டில் அனுப்புவோருக்கு, ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோநொடி கிடைப்பதால், அதுவே போதும். அவர்கள் வேறெதையும் வாங்கத் தேவையில்லை.

வேகமான ஆப்டோகப்ளர் என்றால் 6என்137. நொடிக்கு 10 மெகாபிட் வரை கடத்தும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான கொள்திறன் 1 பிகோஃபாரட்டுக்கும் குறைவு. நானோவிலிருந்து பிகோவுக்கு இறங்கும்போது மேற்சொன்ன 72 மைக்ரோஆம்பியர் 72 நானோஆம்பியராகிறது. ஷீல்டின் மேல் எழும் மின்னழுத்தம் என் முன்பெருக்கியின் சொந்த இரைச்சலுக்குள் மறைந்துபோகிறது. இசைக்கருவிகளை இணைக்கும் மிடி தரமும் 1983 முதல் இதே காரணத்துக்காக ஒவ்வோர் உள்ளீட்டிலும் ஓர் ஆப்டோகப்ளரைக் கோரி வருகிறது. ஆனால் அதன் வேகம் 31,250 பாட் மட்டுமே.

இதன் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. உள்ளே உள்ள எல்இடிக்கு ஏறத்தாழ 10 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும்; அதைக் கொடுப்பது அமைதியாக இருக்க வேண்டிய கடல் பக்கத்துப் பேட்டரி. தரவின் தாளத்துக்கு ஏற்ப அந்த மின்னோட்டம் அணைந்தும் எரிந்தும் துடிக்கும்போது, ஏடிசியும் அதே கிரவுண்டுத் தடத்தைப் பகிர்ந்துகொண்டால், அளவிடும் குறிப்பலையே அளவீட்டுக்குள் திரும்பி வந்து கலக்கும். எல்இடிக்குப் பேட்டரியின் முனையிலிருந்தே தனித் தடம் இழுத்த பிறகுதான் இது எனக்கு அடங்கியது. சீரியல் தடம் ஓய்வில் உயர்நிலையில் இருக்கும் என்பதால், தடம் தாழும்போது மட்டும் எரியுமாறு எல்இடியை இணைப்பது பேட்டரிக்கு நல்லது; என்னுடையதைப் போல இடைவிடாமல் அனுப்பும் கருவிக்கு அதனால் பெரிய மிச்சமில்லை. எல்இடியின் ஒளி ஆண்டுக்கணக்கில் மங்கும் என்பதையும் மின்னோட்டத்தைக் கணக்கிடும்போது மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏடியூஎம்1201, ஐஎஸ்ஓ7721 போன்ற டிஜிட்டல் ஐசொலேட்டர்கள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கின்றன. முன்னது சில்லுக்குள்ளேயே அமைந்த நுண் மின்மாற்றியையும், பின்னது சிலிக்கான் டையாக்சைடு மின்தேக்கியையும் தடுப்பாகக் கொண்டவை. ஒரே எட்டு முள் சில்லில் போக ஒரு தடமும் வர ஒரு தடமும் கிடைக்கின்றன, 3.3 வோல்ட்டிலும் இயங்கும்; என் வேகத்தில் மின்நுகர்வு ஓரிரு மில்லிஆம்பியர்தான், அதுவும் ஏறக்குறைய சீரானது. இவை முற்றிலும் அமைதியானவை என்று சொல்ல மாட்டேன். நுண் மின்மாற்றி வகை ஒவ்வொரு விளிம்புக்கும் நானோநொடி அளவிலான துடிப்புகளை அனுப்புகிறது. தரவு அசையாமல் நின்றாலும் நிலையை உறுதிப்படுத்தத் துடிப்புகள் தொடர்கின்றன. மின்தேக்கி வகையோ உயர் அதிர்வெண் ஊர்தியலையை அணைத்தும் எரித்தும் பேசுகிறது. இவை கேள்திறன் எல்லைக்கு வெகு அப்பால் இருந்தாலும், முன்பெருக்கியின் உள்ளீட்டை எட்டினால் அங்கே ஒருதிசைப்படுத்தப்பட்டுத் தாழ் அதிர்வெண் பிழையாக மாறக்கூடும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சில்லின் காலோடு ஒட்டி வைத்து, சில்லைப் பலகையின் மறுகோடிக்குத் தள்ளியதில் எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

யூஎஸ்பி தடத்தையே பிரிக்கும் ஆயத்தப் பலகைகளைப் பலர் முதலில் நாடுகிறார்கள்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏடியூஎம்3160, 4160 சில்லுகள் 12 மெகாபிட் வேகம் வரை யூஎஸ்பியைக் கடத்துகின்றன. கேபிளுக்கு நடுவே செருகினால் வேலை முடிந்தது. ஆனால் மறுபக்கத்துக்கு மின்சாரம் கொடுக்க அந்தப் பலகையில் பி0505எஸ் வகையைச் சேர்ந்த ஒரு சிறு டிசி-டிசி கட்டகம் (சுருள்கள் வழியாக மின்சாரத்தை மறுபக்கம் கடத்தும் மாற்றி) அமர்ந்திருக்கிறது. அதன் சுருள்களுக்கு இடையே 20 பிகோஃபாரட் அளவுக்குக் கொள்திறன் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்கு அது பொறுக்கத்தக்கது. 100 கிலோஹெர்ட்ஸில் அதன் மறிப்பு வெறும் 80 கிலோஓம். கட்டகத்தின் சொந்த அலைவு அந்த வழியாகவே ஷீல்டில் இறங்கிக் கடலுக்கு ஓடுகிறது. அலைவு சுமையையும் வெப்பத்தையும் பொறுத்து நகர்வதால், என் பதிவில் ஒரு மெல்லிய ஊளை காலையில் ஒரு சுருதியிலும் உச்சி வெயிலில் வேறொரு சுருதியிலும் கேட்டது. ரீங்காரத்தை விரட்டி ஊளையை வாங்கி வைத்த கதையாயிற்று. கட்டகத்தை நீக்கிப் பேட்டரி கொடுத்தாலும், யூஎஸ்பி சீரியல் சில்லும் அதன் கடிகாரமும் அமைதியான பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே யூஎஸ்பியை வெட்டுவதைவிட, மைக்ரோகன்ட்ரோலருக்கும் யூஎஸ்பி மாற்றிக்கும் நடுவிலுள்ள சீரியல் தடத்தை வெட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சில்லு என்பதைக் காட்டிலும், வெட்டு எங்கே விழுகிறது, மறுபக்கத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும்தான் இரைச்சலைத் தீர்மானிக்கின்றன.

கம்பியே வேண்டாம் என்போருக்கு எச்.சி.-05 புளூடூத் கட்டகம் இருக்கிறது. மின்பிரிப்பு முழுமையானதே, ஆனால் அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வெடிப்புகளும் மின்நுகர்வின் திடீர் ஏற்றங்களும், உயர் மறிப்புள்ள பீசோ உள்ளீட்டுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கத் தகுந்தவையல்ல.

ஒளியிழைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். எச்எஃப்பிஆர்-1521, 2521 என்னும் அனுப்பி, ஏற்பி இணை 1 மி.மீ. பிளாஸ்டிக் இழையில் 5 மெகாபாட் வரை, சுமார் 20 மீட்டர் தொலைவுக்கு அனுப்பும். ஒலிச்சாதனங்களை ஒளியிழையால் இணைக்கும் டாஸ்லிங்க் ஏற்பிகளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் சில, தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் குறிப்பலையை மட்டுமே ஏற்பவை என்பதால், ஓய்வில் அசையாது நிற்கும் சீரியல் தடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அனுப்பும் எல்இடி பல பத்து மில்லிஆம்பியரை விழுங்குவது இதன் விலை. அந்த விலைக்குக் கிடைப்பது, பிகோஃபாரட் கணக்கே எழாத ஒரு பிரிப்பு.

நம் கடற்கரையில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. உப்புக்காற்று பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் பூசிவிடுகிறது. ஈரம் ஏறிய இரவில் அந்தப் படலம் மின்கடத்தியாகிறது. எட்டு முள் சிறு சில்லின் இரு வரிசைக் கால்களுக்கு இடையே பலகையில் கிடைப்பது ஏறத்தாழ 4 மி.மீ.; 6என்137இன் பெரிய உறையில் அதைவிடக் கூடுதல். தரவுத்தாள் 2,500 வோல்ட் என்று உறுதி கூறினாலும், அது சில்லின் உட்தடுப்புக்கே பொருந்தும். உப்பு படிந்த பலகையின் மேற்பரப்புக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் நாட்களிலோ எந்தச் சில்லையும் நம்பி, கடலில் கிடக்கும் கேபிளை வீட்டுக் கணினியோடு இணைத்து வைக்க மாட்டேன்.

ஆகவே இப்போது என் பெட்டியில் டிஜிட்டல் ஐசொலேட்டர், ஒளியிழை இரண்டும் உள்ளன. கடல் பக்கம் முழுவதும் ஒரு 18650 லித்தியம் பேட்டரியிலும் நேரியல் மின்சீராக்கியிலும் இயங்குகிறது. டிசி-டிசி எதுவும் இல்லை. துறையிலேயே கணினியை வைத்துப் பதியும் நாட்களுக்கு ஏடியூஎம்1201. அதன் அடியில் பலகையை அறுத்து ஒரு பிளவு விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்திய பிறகு காப்பு வார்னிஷ் பூசியிருக்கிறேன். மழைக்காலத்துக்கு ஒளியிழை. எதைச் செருகினாலும் பதிவுக்கு முன் பீசோவுக்குப் பதிலாக அதே கொள்திறனுள்ள ஒரு மின்தேக்கியை இணைத்து, பித்தளைக் கூட்டைக் கடலிலேயே விட்டு, சார்ஜருடன் ஒரு நிமிடமும் சார்ஜரின்றி ஒரு நிமிடமும் பதிந்து பார்ப்பேன். இரண்டு பதிவுகளிலும் 50 ஹெர்ட்ஸ் முனை ஒரே உயரத்தில் இருந்தால் மட்டுமே பீசோவை மீண்டும் இணைக்கிறேன்.