சம்பளத்தோடு பிஎச்டி தேட யூராக்ஸஸ் எப்படி?

பொறியியலிலோ கணக்கீட்டு அறிவியலிலோ பிஎச்டி பண்ணணும், ஆனால் கைக்காசு போட வழியில்லை என்பவர்களிடம் முதலில் யூராக்ஸஸைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆராய்ச்சி வேலைகளுக்கான ஐரோப்பிய ஆணையத்தின் தளம், ஒரு பைசா கட்ட வேண்டாம். இங்கே வரும் பிஎச்டி இடங்களில் பெரும்பாலானவை வேலை அறிவிப்புகளாகவே வருவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒப்பந்தம் என்ன வகை, கடைசித் தேதி எது, ஐரோப்பிய ஒன்றிய நிதியா என்பதற்கெல்லாம் தனித்தனி இடம் இருக்கிறது.

தேடும்போது ஆர்1 என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள், பிஎச்டி முடிக்காதவர்களுக்கானது அதுதான். துறை வடிகட்டியை மட்டும் நான் நம்புவதில்லை. அறிவிப்பை அந்தந்த நிறுவனமே நிரப்புவதால், திரவ ஓட்ட சிமுலேஷன் வேலை ஒன்று பொறியியலில் இருக்கும், அதே மாதிரி இன்னொன்று கணிதத்தில், வேறொன்று கணினி அறிவியலில் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் ஃபைனைட் எலிமென்ட், டர்புலன்ஸ், ஓப்பன்ஃபோம் என்று முறையின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ போட்டுத் தேடினால்தான் வேண்டியது சிக்கும்.

மேரி கியூரி முனைவர் வலையமைப்பு (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடத்தும் பிஎச்டி திட்டம்) இடங்கள்தான் இங்கே கிடைக்கிற தங்கம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், முனைவர் பட்டம் ஏற்கெனவே வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள்: வேலைக்கு எடுக்கும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வேலை தரும் நாட்டில் வசித்தோ படித்தோ இருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருட மாஸ்டர்ஸை இப்போதுதான் முடித்தவருக்கு ஜெர்மனி இடம் கிடையாது, ஆனால் அதே வலையமைப்பில் நெதர்லாந்திலோ பெல்ஜியத்திலோ இருக்கும் இடத்துக்கு அவர் தாராளமாகப் போடலாம். நல்ல மதிப்பெண்ணும் கோடிங்கும் கையில் இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் வாரக்கணக்கில் உழைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் பணம். மேரி கியூரி அறிவிப்பில் போட்டிருக்கும் தொகை அப்படியே கைக்கு வராது. முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கும் அதற்குள்ளேயே அடங்கும், வரி வேறு பிடிப்பார்கள். அந்த நிதி பல அறிவிப்புகளில் 36 மாதம்தான், பிஎச்டியோ பல இடங்களில் நான்கு வருடம் இழுக்கும், எனவே நான்காம் வருடச் சம்பளத்தை யார் தருவார்கள் என்று நேர்காணலிலேயே தயங்காமல் கேட்டுவிடுங்கள். ஜெர்மன் அறிவிப்புகளில் டிவி-எல் இ13 (அங்குள்ள மாநில அரசு ஊழியர் சம்பள அளவில் ஒரு படி), 75 சதவீதம் என்று பார்த்தால் முழுச் சம்பளத்தில் முக்கால் பங்கு என்று அர்த்தம். ஆனால் ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் முழு நேரமும் போகும்.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில்தான் போட வேண்டியிருக்கும், அது கொஞ்சம் அலைச்சல். தேதியையும் அங்கேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது உதவாது. அங்கே துறை சேர்க்கையோடு, பெரும்பாலும் ஆராய்ச்சி அல்லது கற்பித்தல் உதவியாளர் பணியாகப் பணம் வரும். பிரிட்டன் என்றால் ஃபைண்ட் எ பிஎச்டி தளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.